அண்ணாவும் தாடிக் கெளுத்தியும்

பஸ்ஸில் "இறங்கணும்" என்று கண்டக்டரிடம் சொல்லக் கூச்சப்பட்டு, அடுத்த நிறுத்தம் வரை போய், அங்கே வேறு யாராவது இறங்கினால் அவர்களோடு சேர்ந்து இறங்கி, வந்த வழியே திரும்பி நடந்து வருகிற மனிதரை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்திருக்கிறேன். அவரோடு ஒரே வீட்டில் பல வருஷம் குடித்தனம் செய்தேன். என் கணவருடைய அண்ணா அவர். என் மாமியார் உட்பட வீட்டில் எல்லாரும் அவரை அண்ணா என்றே கூப்பிட்டார்கள். திருவள்ளூருக்கு வாழ்க்கைப்பட்டு வந்த எனக்கும் அவர் அண்ணாதான்.

வெட்கம் என்றால் சாதாரண வெட்கம் இல்லை. இலையில் உட்கார்ந்தால் சுவர்ப் பக்கம் பார்த்துத்தான் சாப்பிடுவார். சாத்துமுதில் உப்பில்லாவிட்டாலும் கேட்க மாட்டார். சத்தமாகத் தும்மிவிட்டால் யாரிடமோ தப்புச் செய்தவர் மாதிரி சுற்றுமுற்றும் பார்ப்பார். எங்கள் கல்யாணப் போட்டோவில் தூணுக்குப் பின்னாலிருந்து ஒரு காது மட்டும் தெரியும். "இது யார்?" என்று யாராவது கேட்டால், "மாப்பிள்ளையோட அண்ணா காது" என்று நான் சொல்வேன். மன்னிக்கு, அதாவது அவருடைய மனைவிக்கு, அந்தக் கேலி ரொம்பப் பிடிக்கும். வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள்.

மன்னியை அவர் நாலு பேர் எதிரில் கூப்பிட்டதே இல்லை. தொண்டையைச் செருமுவார். ஒரு செருமலுக்குக் காப்பி, இரண்டுக்குத் துண்டு. அதை மன்னி எப்படித்தான் பிரித்துப் புரிந்துகொண்டாளோ தெரியாது. "உங்களுக்குள்ள தந்தி ஆபீஸ் நடத்தறேளா மன்னி?" என்று கேட்டிருக்கிறேன்.

அப்பேர்ப்பட்டவர் வீட்டுக்குத்தான் மீன் வந்தது. அதுவும் வைஷ்ணவர்கள் குடியிருக்கும், பெருமாள் கோயில் தெருவுக்கு. அந்தத் தெருவில் வெங்காயம் வாங்குகிறவர்கள்கூடப் பையின் அடியில் வைத்து, மேலே கீரையைப் பரப்பிக்கொண்டு வருவார்கள்.

கும்மிடிப்பூண்டிப் பக்கம் அப்போது ஆலைகள் முளைத்துக்கொண்டிருந்த காலம். அதில் ஓர் இரும்புக் கம்பி ஆலையில் அண்ணா ஸ்டோர்ஸ் கிளார்க். அங்கே இருந்த வங்காளத்து இன்ஜினியர் ஒருவருக்குக் கல்கத்தாவுக்கே மாற்றலாகிவிட்டது. அவருடைய குவார்ட்டர்ஸில் ஒரு கண்ணாடித் தொட்டியும் அதில் சின்னதாக இரண்டு மீன்களும் இருந்தன. ஆலையில் அத்தனை பேர் இருக்க அவர் அண்ணாவைத் தேடிப் பிடித்துக் கொடுத்திருக்கிறார். காரணமும் சொன்னாராம்: "நீங்கள் ஒருவர்தான் இதைச் சாப்பிட மாட்டீர்கள்." வேண்டாம் என்று சொல்ல அண்ணாவுக்குக் கூச்சம். வாங்கிக்கொண்டுவிட்டார்.

தொட்டி ஆலை லாரியில் வந்தது. அண்ணா லாரிக்காரரிடம் சத்தமில்லாமல் கொல்லைப் பக்கம் வரும்படி கெஞ்சிவிட்டு, பின்னால் தொட்டியோடு பதுங்கி உட்கார்ந்திருக்கிறார். அவரோ தெரு முனையிலிருந்தே ஒவ்வொரு வாசலிலும் நிறுத்தி, "ஸ்டோர்ஸ் சாமி ஊடு எதும்மா? மீனு ஏத்திக்கினு வந்துக்கிறேன்" என்று விசாரித்துக்கொண்டே வந்தார். எங்கள் வாசலில் லாரி நின்றபோது தெருவே திரண்டிருந்தது. அண்ணா லாரியை விட்டு இறங்கவே இல்லை. "சாமி, கூட ஒரு கை புடி சாமி, கண்ணாடி ஒடிஞ்சிடும்" என்று லாரிக்காரர் கத்தின பிறகுதான் மேல்துண்டால் முகத்தைத் துடைப்பது போல மூடிக்கொண்டு இறங்கினார். நான் உள்ளே ஓடிவிட்டேன். வந்து ஒரு வருஷம்கூட ஆகாத மருமகள், எனக்கும் மானம் போயிற்று.

மாமியார் அன்று சாப்பிடவில்லை. மறுநாள்தான் அண்ணா, கூடத்துச் சுவரைப் பார்த்துக்கொண்டு, இரண்டே வாக்கியம் சொன்னார். "இது மத்த மீன் மாதிரி இல்லேம்மா. பாசியும் கீரையும்தான் திங்கும்." மாமியார் கொஞ்சம் இறங்கி வந்தாள். மாமிசம் தின்னாத மீன் என்றால் நம்மவர்களில் சேர்த்திதானே என்று அவளுக்கு ஒரு கணக்கு. கூடத்து மூலையில் இடம் கொடுத்தாள். விருந்தாளி வந்தால் அண்ணா தொட்டி மேல் பழைய வேஷ்டியைப் போட்டு மூடிவிடுவார்.

மீன் கன்னங்கரேலென்று இருக்கும், உடம்பெல்லாம் வெள்ளைப் புள்ளி. முதுகு தட்டை, வாய் அடிப்பக்கம். அந்த வாயாலேயே கண்ணாடியைக் கவ்விக்கொண்டு நாளெல்லாம் ஒட்டிக்கொண்டிருக்கும். அழகு என்று ஒன்றும் கிடையாது. ஆனால் அண்ணா அதற்குச் செய்த சிசுருஷை இருக்கிறதே, பெருமாள் கோயிலில்கூட அவ்வளவு பார்க்க முடியாது. வெள்ளரிக்காயைத் தோல் சீவி, வளையமாக நறுக்கி, ஒரு கொதி விட்டு, ஆறவைத்து, நூலால் கூழாங்கல்லோடு கட்டி அடியில் இறக்குவார். விளக்கு வைத்த பிறகுதான் அவை வெளியே வந்து தின்னும். மிச்சத்தை விடியற்காலையில் எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் தண்ணீர் நாறிவிடும். சுரண்டித் தின்பதற்குக் கொய்யாக் கட்டை ஒன்றை வேகவைத்துப் போட்டிருந்தார். கரண்ட் போய்விட்டால் காற்று விடுகிற மோட்டார் நின்றுவிடும். அப்போது சொம்பால் தண்ணீரை மொண்டு மொண்டு உயரத்திலிருந்து விட்டுக்கொண்டே உட்கார்ந்திருப்பார். பக்கத்தில் மன்னி விசிறியோடு உட்கார்ந்து அவருக்கு விசிறுவாள். அவர்கள் இரண்டு பேரும் பேசிச் சிரித்து நான் பார்த்தது அந்தத் தொட்டியடியில் மட்டும்தான்.

"மீனுக்குக் கறியமுதா?" என்று மாமியார் மோவாயில் கையை வைத்துக்கொள்வாள். ஆனால் அவளுக்கும் உள்ளூர ஆசை வந்துவிட்டது. ஒரு நாள் கோயில் பிரசாதம் என்று தயிர்சாதத்தைப் போட்டு, தண்ணீர் பால் மாதிரி ஆகி, அண்ணா அரை நாள் லீவு போட்டுத் தொட்டி கழுவினார். ஏகாதசியன்று வீட்டில் எல்லாரும் பட்டினி கிடக்கும்போது இவை மட்டும் வெள்ளரிக்காய் தின்னலாமா என்று கேட்டாள். அன்றிலிருந்து மீன்களுக்கும் ஏகாதசி விரதம். அவை என்னவோ கண்ணாடியில் இருந்த பாசியைச் சுரண்டிக்கொண்டுதான் இருந்தன. "பாரு, விரதத்தை முறிச்சுடுத்துகள்" என்று மாமியார் குறைப்பட்டுக்கொண்டாள்.

வளர வளர இரண்டுக்கும் மூக்கின் மேல் குச்சி குச்சியாக முளைத்தது. ஒன்றுக்குப் பெரிதாக, கிளை விட்டு, தாடி மாதிரி. மற்றதற்குச் சின்னதாக. மாமியார் பார்த்த மாத்திரத்தில் தீர்ப்புச் சொல்லிவிட்டாள். தாடி வைத்தது ஆம்படையான், மற்றது பெண்டாட்டி, மூக்கில் இருப்பது மூக்குத்தி. வந்தவர்களிடமெல்லாம் வேஷ்டியை விலக்கி, "மூக்குத்தியைப் பாருங்கோ" என்று காட்ட ஆரம்பித்தாள். இரண்டும் தொட்டியில் கிடந்த மூங்கில் குழாய்க்காக முட்டி மோதிக்கொண்டால், "எந்த ஆத்துல ஆம்படையான் பெண்டாட்டி சண்டை இல்லை?" என்பாள்.

இத்தனை நாள் இது வேடிக்கைதான். அப்புறம் வேடிக்கையாக இல்லை.

மன்னிக்குக் கல்யாணமாகி வெகுகாலம் ஆகியும் குழந்தை இல்லை. அவளுக்குப் பின்னால் வந்த எனக்கு ஒன்று பிறந்து, இரண்டாவது வயிற்றில் இருந்தது. மாமியார் மன்னியை நேரே ஒரு வார்த்தை சொல்ல மாட்டாள். தொட்டியைப் பார்த்துத்தான் சொல்லுவாள். "தின்னத் தெரியறது, குழாய்க்குள்ள போய்ப் படுத்துக்கத் தெரியறது. ஒரு முட்டை வைக்கத் தெரியலை. இந்த ஆத்து ராசி மீனைக்கூட விடலை." சொல்லிவிட்டு என் வயிற்றைப் பார்த்துச் சிரிப்பாள். அந்தச் சிரிப்பு என் மேல் படும்போது எனக்கு உடம்பெல்லாம் கூசும். மன்னி கீரை ஆய்ந்துகொண்டிருப்பாள். அண்ணா சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பார். ஆவணியில் அண்ணாவுக்கு இரண்டாவதாக ஒரு பெண்ணைப் பார்த்து முடித்துவிடுவது என்ற பேச்சும் வீட்டில் நடமாடத் தொடங்கிவிட்டது. "இவளைத் துரத்தப் போறதில்லையே, இவளும் ஒரு மூலையில இருந்துட்டுப் போகட்டும்" என்று மாமியார் பெரிய மனசு பண்ணிச் சொன்னாள்.

அந்த வருஷம் மாசியில் என் அத்தை பெண்ணுக்கு நிச்சயதார்த்தம். திருவல்லிக்கேணிக்கு அண்ணா, மன்னி, நான் மூன்று பேரும் ரயிலில் போனோம். அண்ணா கையில் பெரிய பித்தளைத் தூக்கு. அதற்குள் இரண்டு மீனும். சென்ட்ரல் பக்கத்திலேயே மூர் மார்க்கெட், அங்கே மீன் கடைக்காரரிடம் காட்டிக் கேட்கப் போகிறாராம். இதை மன்னி என் காதில் சொன்னபோது, பெட்டி முழுக்க ஜனங்கள். கடம்பத்தூரில் ஏறியிருந்த பெரியவர் ஒருவர் எதிரே உட்கார்ந்திருந்தார்.

"சாமி, தூக்குல இன்னா? மோரா?"

அண்ணா தலையை ஆட்டிவிட்டார். அதுதான் சுலபம்.

"ஒரு வாய் ஊத்து சாமி. தொண்டை காஞ்சி கெடக்குது" என்று அவர் இரண்டு கையையும் சேர்த்து நீட்டினார்.

அண்ணாவுக்கு வியர்த்துக் கொட்டியது. "திரிஞ்சு போயிடுத்து" என்றார். அந்த நேரம் பார்த்து உள்ளேயிருந்து மூடியில் டப்பென்று ஓர் அடி.

"இன்னா சாமி, மோரு துள்ளுது?"

பெட்டியே சிரித்தது. மன்னியும் நானும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டோம். அண்ணா தூக்கை மடியில் வைத்து மேல்துண்டால் மூடி, சென்ட்ரல் வரும் வரை தலையைத் தூக்கவே இல்லை.

மூர் மார்க்கெட்டில் மீன் கடைக்கு முன்னால் போவதும் வருவதுமாக இருந்தார். நெற்றியில் பளிச்சென்று திருமண் வேறு. கடைசியில் கடைக்காரரே கூப்பிட்டார். "இன்னா சாமி, அப்போலேர்ந்து சுத்திக்கினு கீற, இன்னா வேணும்?"

அண்ணா தூக்கைத் திறந்து காட்டினார். "இதுல எது பொண்ணுன்னு..."

கடைக்காரர் கையை விட்டு ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தார். "இது தாடிக் கெளுத்தி. இதே மாரி இன்னொண்ணு கீது, அது கை நீளத்துக்கு வளந்து தொட்டியவே அடைச்சிக்கும், அதுக்குத் தாடி வராது. இது இம்மாத்தூண்டுதான் இருக்கும்." அப்புறம் சிரித்தார். "ஜோடின்னு யாரு சாமி குட்தது? ரெண்டும் ஆம்பளை. பொட்டைக்கு ஒதட்டு ஓரமா மட்டும் லேசா இருக்கும், மூக்கு மேல நட்ட நடுவுல வராது. இது ஏமாந்த ஆம்பளை, பெருசு அடிச்சி அடிச்சி தாடி வளராம கீது. எத்தினி வருசம் வச்சிருந்தாலும் முட்டை வராது சாமி."

நாங்கள் இரண்டு பேரும் அண்ணாவுக்குப் பின்னால்தான் நின்றிருந்தோம். மன்னி என் கையைப் பிடித்து அழுத்தினாள். அவள் முகத்தில் அத்தனை சந்தோஷத்தை நான் பார்த்ததில்லை. வீட்டுக்குப் போனதும் சொல்லலாம் என்றாள். எங்களையும் தூக்கையும் திருவல்லிக்கேணியில் அத்தை வீட்டில் விட்டுவிட்டு, எழும்பூரில் ஆபீஸ் வேலை இருக்கிறது என்று அண்ணா போனார். சாயங்காலம் திரும்பி வந்தவர் நிச்சயதார்த்தச் சாப்பாடு வேண்டாம் என்றுவிட்டார். வெயில் ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்தோம்.

ஊருக்கு வந்ததும் மன்னி மாமியாரிடம் சொன்னாள். "அம்மா, ரெண்டும் ஆணாம். அதனாலதான் முட்டை வைக்கலையாம்."

"எவன் சொன்னான்? இன்னொரு மீன் விக்கறதுக்கு அவன் ஆயிரம் சொல்லுவான்" என்றாள் மாமியார்.

"நானும் கேட்டேம்மா" என்றேன்.

"நீ அவளுக்குப் பரிஞ்சுண்டு வராதே. அண்ணா, நீ சொல்லுடா. அப்படியா சொன்னான்?"

அண்ணா வெள்ளரிக்காய் கட்டுகிற கூழாங்கல்லை எடுத்து நூலைச் சுற்றினார். "கூட்டத்துல எனக்குச் சரியாக் காதுல விழலை" என்றார்.

மன்னி அவரைப் பார்த்தாள். அவர் மீன் தொட்டியைப் பார்த்தார். எனக்கு அன்று அவர் மேல் வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. மூத்தவரை ஒரு வார்த்தை கேட்க முடியாத இடத்தில் நான் இருந்தேன். என் கணவரிடம் கத்தினேன். "அண்ணா சுபாவம் தெரியாதா உனக்கு?" என்றார் அவர், தெரிந்த கதையைச் சொல்வது போல. அந்த வீட்டில் அந்தச் சுபாவத்துக்கு எல்லாரும் வழி விட்டுப் பழகியிருந்தார்கள்.

ஆடி அமாவாசை வந்தது. எங்கள் ஊர்க் கோயில் குளத்தில் அமாவாசை தோறும் வெல்லம் கரைப்பார்கள். வெல்லம் கரைகிற மாதிரி வியாதி கரையும் என்று நம்பிக்கை. மாமியார் சொல்படி மன்னியும் மாதா மாதம் கரைத்து வந்தாள், வயிற்றில் உள்ள தோஷம் கரையட்டும் என்று. துணைக்கு அண்ணா போய்ப் படிக்கட்டில் நிற்பார். அன்று கூட்டம் நெரிய, இரண்டு பேரும் முழுக்க நனைந்து வந்தார்கள். மன்னி புடவை மாற்றின கையோடு அடுப்படிக்குப் போனாள். கூடத்தில் காஞ்சிபுரத்திலிருந்து மாமியாரின் ஒன்றுவிட்ட தம்பி வந்து உட்கார்ந்திருந்தார்.

அவர் மடியில் ஒரு பெண்ணின் ஜாதகம். பொருத்தமெல்லாம் பேஷாக இருக்கிறது என்றார். மன்னி அவருக்குக் காப்பி கொண்டுவந்து வைத்தாள். தன் கணவருக்குப் பார்த்திருக்கிற பெண்ணைப் பற்றிய பேச்சுக்கு நடுவில், டபராவில் சிந்தாமல், கொண்டுவந்து வைத்தாள்.

"இவளையும் குறை சொல்றதுக்கில்லை" என்றாள் மாமியார். "எங்காத்து மீனைப் பாரு. மூக்குத்தி போட்டுண்டு நிக்கறதே ஒழிய, மலடு. இவ கை தண்ணி பட்டுப் பட்டு அதுவும் அப்படியே ஆயிடுத்து." சொல்லிவிட்டு, "இதோ இவளுக்கு ரெண்டாவது இல்லையா?" என்று என்னைக் காட்டினாள். அவர் என் வயிற்றைப் பார்த்துத் தலையாட்டினார். தரை பிளந்தால் உள்ளே போய்விடலாம் போல் இருந்தது எனக்கு.

"அது பொண் இல்லை" என்று ஒரு குரல் கேட்டது.

யார் பேசியது என்றே முதலில் தெரியவில்லை. கூடத்து ஓரத்தில் நின்றிருந்த அண்ணா தொட்டியடிக்கு வந்து, கையை விட்டு, சின்னதைப் பிடித்து மேலே தூக்கினார். தண்ணீர் முழங்கை வழியே வழிந்தது.

"நடு மூக்குல முளைச்சா ஆண். ரெண்டும் ஆண். கடைக்காரன் சொன்னான், எனக்கு நன்னாக் காதுல விழுந்தது." மீனைத் தண்ணீரில் விட்டார். "இவகிட்டயும் ஒரு குறையும் இல்லை. குறை எனக்குத்தான். எழும்பூர்ல டெஸ்ட் பண்ணிப் பார்த்துண்டேன். எத்தனை கல்யாணம் பண்ணி வெச்சாலும் எனக்குப் பிறக்காது."

காஞ்சிபுரத்து மாமா ஜாதகத்தை மடித்தார். மாமியார், "என்னடா உளர்றே, நாலு பேர் எதிர்ல" என்றாள்.

அப்பாடா என்று எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஓடிப் போய் மன்னியைக் கட்டிக்கொள்ள வேண்டும் போல் இருந்தது. மன்னி சமையலறை நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் முகத்தில் நான் எதிர்பார்த்தது எதுவும் இல்லை.

"எப்போ தெரியும்?" என்று கேட்டாள். வீட்டில் எல்லார் எதிரிலும் அவரிடம் அவள் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

"மாசியில. திருவல்லிக்கேணி போனோமே, அன்னிக்கு."

"இன்னிக்குக் கார்த்தால நான் வெல்லம் கரைச்சேனே. பக்கத்துலதானே நின்னேள்."

அண்ணா தலையைக் குனிந்துகொண்டார். "சொல்ல வெட்கமா இருந்தது" என்றார்.

"உங்களுக்கு வெட்கமா இருந்தது" என்றாள் மன்னி, நிதானமாக, குரலை உயர்த்தாமல். "அந்த வெட்கத்தையும் சேர்த்து நான்தானே இத்தனை நாளாப் பட்டுண்டிருந்தேன்."

காஞ்சிபுரத்து மாமா காப்பியைத் தொடவில்லை. மன்னி வந்து டபராவை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். சற்று நேரத்தில் பாத்திரம் தேய்க்கிற சத்தம் கேட்டது. அண்ணா ஈரக் கையைத் துடைக்காமல் கூடத்து நடுவில் நின்றுகொண்டே இருந்தார். ஒருமுறை செருமினார், கொஞ்சம் கழித்து இன்னொரு முறை. உள்ளே தேய்க்கிற சத்தம் நிற்கவில்லை.